ஆடாத இறுதியாட்டத்தின் புகழ்: ஓய்வுபெற்ற ஜப்பானியக் கால்பந்து வீராங்கனை ஒருவரின் இணையப் பிரபலம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

2023ஆம் ஆண்டு கோடையில், ஜப்பானின் சிறு நகரம் ஒன்றில் சிறுமிகளுக்குக் கால்பந்து கற்றுத்தரும் முன்னாள் வீராங்கனை ஒருவரின் சிறு காணொளி இணையத்தில் பெருமளவில் பரவியது. சில நாட்களுக்குள் அவர் உலகக்கோப்பை வென்ற அணியின் உறுப்பினர் என்ற தவறான அடைமொழியோடு பல நாடுகளில் பேசப்பட்டார். அதற்கடுத்த சில நாட்களில், அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டவர் அவரே என்று குற்றம் சாட்டப்பட்டார். அவரும் அவர் பயிற்சி தரும் கழகமும் எடுத்த முடிவுகளையும், அவற்றுக்கான காரணங்களையும், அடுத்த ஓராண்டில் நடந்தவற்றையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

கழகத்தின் இணையப் பக்கங்களைக் கவனித்துவந்த தன்னார்வலர் குழுவில் நானும் இருந்தேன். வீராங்கனையின் இசைவோடு எழுதப்படும் இந்த ஆய்வில் அவருடைய பெயர், ஊர், ஆடிய அணிகள், வேலை பார்க்கும் நிறுவனம் ஆகியவை விடப்பட்டுள்ளன. கழகத்தில் எல்லோரும் அழைப்பதைப் போலவே அவரைப் பயிற்றுநர் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஜப்பானில் பெண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் 1989இல் தொடங்கியது. தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் அணிகளை நடத்தின. வெளிநாட்டு நட்சத்திரங்களும் வந்து ஆடினர். 1990களின் பிற்பகுதியில் பொருளாதார மந்தநிலை ஆழமானபோது பல நிறுவனங்கள் அணிகளைக் கைவிட்டன. தேசிய அணி 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. 2004 ஏப்ரலில் டோக்கியோவில் வடகொரியாவை 3–0 என வென்று ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. அதே ஆண்டில் தேசிய அணிக்கு நடேஷிகோ ஜப்பான் என்ற பெயர் சூட்டப்பட்டது. லீக்கும் அந்தப் பெயரையே ஏற்றது.

நமது பயிற்றுநர் இந்தக் காலத்தில்தான் லீக்கில் நடுகள வீராங்கனையாக ஆடினார். அன்றைய பெரும்பாலான வீராங்கனைகளைப் போலவே அவருக்கும் கால்பந்து சம்பளம் தரும் தொழிலாக இருக்கவில்லை. பகலில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பில் போடும் வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கொளியில் பயிற்சி. வெளியூர் ஆட்டம் என்றால் சனிக்கிழமை வேலை முடிந்து இரவுப் பேருந்தில் பயணம். முதல் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் ஆடியிருக்கிறார். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்; ஆனால் உலகக்கோப்பைக்கோ ஒலிம்பிக்குக்கோ தேர்வு செய்யப்பட்டதில்லை. முழங்கால் தசைநார் இரண்டாம் முறை கிழிந்தபின் ஓய்வு பெற்றார்.

2011 ஜூலை 17 அன்று பிராங்க்ஃபர்ட்டில் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டம் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. கிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. அமெரிக்காவிடம் இருமுறை பின்தங்கியும் இருமுறையும் சமன் செய்து, 117ஆம் நிமிடத்தில் அணித்தலைவி ஹொமாரே சாவா அடித்த கோலால் 2–2 என்ற நிலைக்கு வந்து, பெனால்டி உதைகளில் 3–1 என ஜப்பான் வென்றது. ஆட்டம் முடிந்த வேளையில் ட்விட்டரில் நொடிக்கு 7,196 பதிவுகள் வந்தன. அதுவரை அந்தத் தளம் காணாத எண்ணிக்கை அது. அடுத்த வாரம் கோபேயில் நடந்த ஒரு லீக் ஆட்டத்துக்கு 17,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். அதற்கு முன்பு சில நூறு பேர் முன்னிலையில் ஆடிப் பழகியவர்கள் அந்த வீராங்கனைகள். ஆகஸ்டில் அணிக்கு ஜப்பான் அரசின் மக்கள் கௌரவ விருது வழங்கப்பட்டது. தனிமனிதருக்கு அல்லாமல் ஓர் அணிக்கு அது வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.

ஆக, ஜப்பானில் பெண்கள் கால்பந்தும் இணையப் புகழும் ஒரே இரவில் ஒன்றோடொன்று பிணைந்தன. அந்தப் பிணைப்பின் மறுபக்கமும் உடனே தெரிந்தது. அணி நாடு திரும்பிய சில நாட்களிலேயே, வீராங்கனை ஒருவர் தனிப்பட்ட விருந்தொன்றில் பேசியவற்றை உடனிருந்த மாணவர் ஒருவர் ட்விட்டரில் வரிசையாக வெளியிட, அந்த வீராங்கனை பொதுவில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பேசியவர் மன்னிப்புக் கேட்டார். வெளியிட்டவரின் செயல் அந்த அளவுக்குக் கேள்விக்கு உள்ளாகவில்லை. நம் பயிற்றுநர் அந்தச் சம்பவத்தை மறக்கவே இல்லை. இணையத்தில் தன் பெயரில் கணக்கு எதுவும் வைத்துக்கொள்ளாததற்கு அதையே காரணமாகச் சொல்வார்.

ஓய்வுக்குப் பின் திருமணமாகி, கணவரின் குடும்பப்பெயரோடு புதிய ஊரில் குடியேறினார். பகலில் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். வாரம் இருமுறை, நகராட்சி மைதானத்தில் தொடக்கப்பள்ளிச் சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கழகத்துக்கு அவர் கேட்டது பயணச் செலவு மட்டுமே.

காணொளி வெளியான விதம்

2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இணைந்து உலகக்கோப்பையை நடத்தின. ஜப்பானில் அந்த ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியுமா என்பதே தொடருக்கு ஒரு வாரம் முன்புவரை உறுதியாகவில்லை. ஜூலை 13 அன்றுதான் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பும் என்ற செய்தி வந்தது. இந்த ஆட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை என்ற வருத்தம் பெற்றோரிடையே பரவலாக இருந்த நேரம் அது. தங்களால் இயன்றதைச் செய்வோம் என்று, கழகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பயிற்சிக் காட்சிகளைக் கூடுதலாக வெளியிட முடிவுசெய்தோம். ஒரு சிறுமியின் தந்தை எடுத்துத் தந்த காட்சிகளுள் ஒன்றுதான் இந்தக் காணொளி.

அதில் இருப்பது இவ்வளவுதான். கோல்கீப்பர் சிறுமி உதைத்த பந்து மிக உயரே எழுந்து பயிற்றுநர் நிற்கும் இடத்தை நோக்கி இறங்குகிறது. அவர் இடது கையில் பயிற்சிக் குறிப்புகள் எழுதிய அட்டை இருக்கிறது. வாயில் விசில் இருக்கிறது. அட்டையிலிருந்து பார்வையை ஒரு கணம் உயர்த்துகிறார். வலது காலை இடுப்பளவுக்குத் தூக்கி, பந்து பாதத்தின் வெளிப்புறத்தைத் தொடும் அதே கணத்தில் பந்தின் வேகத்துக்கே காலையும் கீழே இறக்குகிறார். பந்து துள்ளவே இல்லை. காலடியில் அடங்கி நிற்கிறது. அதை அருகிலிருக்கும் சிறுமிக்குத் தட்டிவிட்டு மறுபடியும் அட்டையைப் படிக்கத் தொடங்குகிறார்.

ஜூலை 31 அன்று ஜப்பான் ஸ்பெயினை 4–0 என வென்றது. அந்த இரவு உண்டான உற்சாகத்தில், எங்கள் பக்கத்தில் சில நாட்களாகக் கிடந்த இந்தக் காணொளியை யாரோ ஒருவர் எடுத்து, சில நாட்கள் முன்புதான் எக்ஸ் எனப் பெயர் மாறியிருந்த ட்விட்டரில் பகிர்ந்தார். அங்கிருந்து அது பரவியது.

முதல் வாரத்தில் கண்டவை

காணொளியைப் பார்த்தவர்களை ஒரே கூட்டமாகக் கருதுவது தவறு என்பது முதல் இரண்டு நாட்களிலேயே விளங்கியது.

முதலில் வந்தவர்கள் கால்பந்தை அறிந்தவர்கள். அந்தத் தொடுதலின் கடினத்தை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். யார் இவர், எங்கே ஆடினார் என்று மரியாதையோடு கேட்டார்கள். அடுத்து வந்தவர்கள் பழைய லீக்கை அன்றே பின்தொடர்ந்த ரசிகர்கள். நூறு இருநூறு பேர் மட்டும் அமர்ந்திருந்த மைதானங்களில் மழையில் நின்று ஆட்டம் பார்த்தவர்கள் அவர்கள். பயிற்றுநரின் ஓட்டத்தைக்கொண்டே அவரை அடையாளம் கண்டு, திருமணத்துக்கு முந்தைய பெயரைக் குறிப்பிட்டு, பழைய ஆட்ட நிகழ்ச்சிநிரல்களையும் வீராங்கனை அட்டைகளையும் படமெடுத்து வெளியிட்டார்கள். அவர்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், அதுவரை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்த பழைய பெயரும் இன்றைய ஊரும் அந்த அன்பினாலேயே ஒரே பக்கத்தில் சேர்ந்தன. மூன்றாம் நாள் அவர் பணிபுரியும் இல்லத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின.

மூன்றாவது வகையினருக்குப் பந்து பொருட்டே இல்லை. நாற்பதைக் கடந்த பெண்ணின் தோற்றம், வயது, உடல் ஆகியவை பற்றியே அவர்கள் எழுதினார்கள். இதற்குக் கண்கூடான சான்று பிரதிகளிலேயே இருந்தது. எங்கள் மூலக் காணொளியில் அவர் சட்டகத்தின் ஓரத்தில் சிறிதாகத் தெரிவார். பந்துதான் நடுவில் இருக்கும். மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட பிரதிகளில் அவர் முகமும் மேலுடலும் தெரியும்படி காட்சி பெரிதாக்கப்பட்டு, பந்து தரையில் அடங்கும் கணமே சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது. எதனால் அவர் பாராட்டப்பட்டாரோ அது வெட்டி எறியப்பட்ட பின்னும் பாராட்டு தொடர்ந்தது. இந்த நிகழ்வில் நான் கண்டவற்றுள் மிக முக்கியமானதாக இதையே கருதுகிறேன்.

பிரதிகளில் இன்னொன்றும் இருந்தது. பின்னணியில் ஆறேழு சிறுமிகளின் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. பெற்றோர் கையெழுத்திட்ட இசைவுப் படிவம் கழகத்தின் செய்திமடலுக்கும் இணையப் பக்கத்துக்கும் மட்டுமே பொருந்தும். இரண்டு குடும்பங்கள் உடனே எங்களைத் தொடர்புகொண்டன.

அன்று மாலையே மூலக் காணொளியை நீக்கினோம். பிரதிகள் ஏராளமாகப் பரவிவிட்ட பிறகு மூலத்தை நீக்குவதில் பயன் என்ன என்ற கேள்வி குழுவில் எழுந்தது. இரண்டு காரணங்களால் நீக்குவதே சரி என முடிவாயிற்று. முதலாவது, இசைவு தராத பெற்றோருக்கு நாங்கள் செய்யக் கடமைப்பட்டது அது. பிறர் என்ன செய்கிறார்கள் என்பது அந்தக் கடமையைக் குறைக்காது. இரண்டாவது, பிரதிகளை நீக்கும்படி தளங்களிடம் முறையிடும்போது, அதே காணொளியை நாங்களே வைத்திருந்தால் எங்கள் கோரிக்கைக்கு வலு இருக்காது. சிறுமிகளின் முகங்கள் தெரிகின்றன என்ற காரணத்தை முன்வைத்து அனுப்பிய கோரிக்கைகளில் கணிசமானவை ஏற்கப்பட்டன. பயிற்றுநரைப் பற்றிய அருவருப்பான எழுத்துகளைக் காட்டி அனுப்பியவற்றில் மிகச் சிலவே ஏற்கப்பட்டன.

பொய்யான பட்டமும் அதன் திருத்தமும்

நான்காம் நாளில் வெளிநாட்டுக் கணக்கு ஒன்று, 2011இல் உலகக்கோப்பை வென்ற வீராங்கனை இன்று சிறுமிகளுக்குப் பயிற்சி தருகிறார் என்ற பொருள்படும் வரியோடு காணொளியை வெளியிட்டது. அந்த வரி மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிப் பரவியது. லீக்கில் ஆடி, முழங்காலில் காயமடைந்து, ஓய்வுபெற்று, மாலையில் சிறுமிகளோடு நிற்கும் ஒருவரின் உண்மைக் கதையைவிட, உலக வெற்றியாளர் அடக்கமாக வாழ்கிறார் என்ற கதை பகிர்வதற்கு எளிதாக இருந்தது.

ஜப்பானிய மொழிக்குத் திரும்பி வந்தபோது அதே வரி குற்றச்சாட்டாக மாறியது. 2011 அணியின் 21 பேர் யார் யார் என்பது அங்கே பலருக்கும் மனப்பாடம். பட்டியலில் இல்லாத ஒருவர் உலகக்கோப்பை வென்றதாகச் சொல்லிக்கொள்கிறார், வாழ்க்கை வரலாற்றைப் பொய்யாகக் கூறுகிறார், இதைக் காட்டிப் பெற்றோரிடம் பணம் பெறுகிறார் என்று எழுதினார்கள். ஜப்பானில் ஒருவரின் கல்வி, தொழில் வரலாற்றைப் பற்றிய பொய் மிகக் கடுமையாகப் பார்க்கப்படுவதால், இந்தக் குற்றச்சாட்டு அவருடைய வேலையையே பாதிக்கக்கூடிய ஒன்று.

தோற்றம் பற்றிய எழுத்துகளை ஓரளவு பொறுத்துக்கொண்ட பயிற்றுநர் இங்கே உடைந்துபோனார். அந்த 21 பேரில் சிலருடன் அவர் ஒரே முகாமில் பயிற்சி எடுத்திருக்கிறார். இறுதியாட்டத்தை ஜப்பான் நேரப்படி விடியற்காலை மூன்றே முக்காலுக்குத் தன் அணித் தோழியருடன் விடுதியில் அமர்ந்து பார்த்தவர் அவர். அவர்கள் பெற்றதைத் தான் எடுத்துக்கொண்டதாக ஒருவர்கூட நினைக்கக் கூடாது என்பதே அவருடைய முதல் கவலை. இரண்டாவதாக அவர் சொன்னதை நான் இன்னும் கனமானதாக நினைக்கிறேன்: லீக்கில் ஆடிய ஆண்டுகள் மட்டுமே தனக்குச் சொந்தம் என்றும், உலகக்கோப்பை சேர்த்தால்தான் அவற்றுக்கு மதிப்பு வரும் என்றால் அந்த மதிப்பே வேண்டாம் என்றும் அவர் சொன்னார்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அடங்கும்வரை பேசாமல் இருப்பது. அவரே காணொளியில் தோன்றி விளக்குவது. கழகத்தின் பெயரில் எழுத்து மூலமாகத் திருத்தம் வெளியிடுவது. ஒருவரைப் பொய்யர் என்று சொல்லும்போது அமைதி ஒப்புதலாகவே படிக்கப்படும் என்பதால் முதல் வழியைக் கைவிட்டோம். அவர் முகம் மீண்டும் திரையில் வந்தால் பெரிதாக்கி வெட்டப்படும் காட்சிகளுக்கு இன்னொரு மூலப்பொருள் கிடைக்கும் என்பதாலும், தன்னைத் தானே சான்றாக நிறுத்துவது அவருக்கு இழிவு என்பதாலும் இரண்டாவதை விலக்கினோம்.

மூன்றாவது வழியில் வெளியான அறிவிப்பு நான்கு வாக்கியங்கள் கொண்டது. எங்கள் பயிற்றுநர் 2011 உலகக்கோப்பை அணியில் இருந்தவர் அல்லர். அவர் முன்னாள் லீக் வீராங்கனை. அவரோ கழகமோ வேறு எதையும் எப்போதும் கூறியதில்லை. காணொளியில் சிறுமிகள் இருப்பதால் அதைப் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். இவ்வளவுதான். ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, பக்கத்தின் உச்சியில் நிலையாக வைத்தோம். அவர் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுவரை ஊகமாக இருந்ததை நாங்களே உறுதிப்படுத்தியதாக ஆகியிருக்கும். கோபத்தையோ சட்ட எச்சரிக்கையையோ சேர்க்கவில்லை; சேர்த்திருந்தால் பேச்சு அதைப் பற்றியதாக மாறியிருக்கும்.

பொய்யான வரியைப் பகிர்ந்த பெரிய கணக்குகளுக்குத் தனித்தனியே அறிவிப்பை அனுப்பித் திருத்தக் கேட்டோம். சிலர் வருத்தம் தெரிவித்து நீக்கினர், ஒருவர் திருத்தத்தையே புதிய பதிவாக வெளியிட்டார், பலர் பதிலளிக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் அறிவிப்பைவிட அதிக வலுவோடு செயல்பட்டது, அவருடன் ஒரே கழகத்தில் ஆடிய முன்னாள் தோழி ஒருவரின் பதிவு. அவர்கள் ஆடிய ஆண்டுகளையும், வேலை முடிந்து வந்து செய்த பயிற்சியையும், பயிற்றுநர் எந்தப் பட்டத்தையும் ஒருபோதும் சொந்தம் கொண்டாடியதில்லை என்பதையும் அவர் எழுதினார். பழைய ரசிகர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, குற்றச்சாட்டு வந்த இடங்களிலெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார்கள். இரண்டு வாரங்களில் குற்றச்சாட்டு அடங்கியது.

சட்ட நடவடிக்கை பற்றியும் ஆராய்ந்தோம். அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனை 2022 ஜூலையில் ஓராண்டுச் சிறை அல்லது மூன்று லட்சம் யென் வரை அபராதம் என உயர்த்தப்பட்டிருந்தது. எழுதியவரின் அடையாளத்தைப் பெறுவதற்கான எளிமைப்படுத்தப்பட்ட நீதிமன்ற நடைமுறையும் அதே ஆண்டு அக்டோபரில் வந்திருந்தது. மிக மோசமான பதிவுகளை, இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். எழுதியவரைக் கண்டறிய உதவும் இணைப்புப் பதிவுகளை இணையச் சேவை நிறுவனங்கள் சில மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. எனினும் வழக்கு வேண்டாம் எனப் பயிற்றுநர் முடிவுசெய்தார். வழக்கு நடக்கும் காலம் முழுவதும் அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்பதே அவர் சொன்ன காரணம். அது முழுக்க அவருடைய முடிவு, யாரும் வற்புறுத்தவில்லை.

மைதானத்துக்கு வந்தவர்கள்

ஆகஸ்ட் 11 அன்று ஜப்பான் காலிறுதியில் சுவீடனிடம் 1–2 எனத் தோற்றது. இணையப் பேச்சு குறைந்தது. ஆனால் மைதானத்துக்கு அறிமுகமில்லாதவர்கள் வருவது அதன் பிறகுதான் தொடங்கியது. பெரும்பாலோர் பழைய ரசிகர்கள்; வேலிக்கு வெளியே நின்று பார்த்து, தலைதாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார்கள். நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவோடு ஒருவர் வேலியோரம் நெடுநேரம் அமர்ந்திருந்தது வேறு விஷயம். அவர் லென்ஸ் பயிற்றுநரை நோக்கி மட்டும் இருக்கவில்லை.

விளையாட்டு வீராங்கனைகளைப் பாலியல் நோக்கத்தோடு படமெடுப்பது ஜப்பானில் நெடுநாளைய பிரச்சினை. 2020 நவம்பரில் ஜப்பானிய ஒலிம்பிக் குழு உள்ளிட்ட விளையாட்டு அமைப்புகள் இணைந்து இதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டன. 2023 ஜூலை 13 முதல் ஒளிந்து படமெடுத்தலுக்கு எதிரான தேசியச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விளையாட்டு உடையில் இருப்பவரைப் பொது இடத்தில் படமெடுப்பது அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. நகராட்சி மைதானம் பொது இடம் என்பதால் யாரையும் வெளியேற்றும் அதிகாரம் கழகத்துக்கு இல்லை.

எனவே இயன்றதைச் செய்தோம். பெரிய போட்டிகளில் வழக்கத்தில் உள்ளதைப்போல, படமெடுக்க அனுமதி பெற்ற பெற்றோருக்குக் கைப்பட்டை கொடுத்தோம். பட்டை இல்லாதவர் கேமராவை எடுத்தால் இரண்டு பெற்றோர் சேர்ந்து சென்று, இது சிறுமிகளின் பயிற்சி என்று பணிவாகச் சொல்வார்கள்; தனியாக ஒருவர் போகக் கூடாது. பயிற்சி நாட்களையும் இடத்தையும் பொதுப் பக்கத்திலிருந்து நீக்கி, லைன் என்ற குறுஞ்செய்திச் செயலியில் உள்ள பெற்றோர் குழுவில் மட்டும் தெரிவித்தோம். உள்ளூர் காவல் நிலையத்தில் விவரத்தைப் பதிவுசெய்து, மாலை ரோந்தை மைதானத்தின் பக்கம் திருப்பக் கேட்டோம், அவர்கள் இசைந்தார்கள். கேமராக்காரர் அதன் பிறகு ஓரிரு முறைக்கு மேல் வரவில்லை. இருந்தும் ஒரு சிறுமி கழகத்தைவிட்டு விலகினாள். அவளுடைய பெற்றோரின் அச்சத்தை மிகையென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வந்த அழைப்புகளும் அவர் தேர்ந்ததும்

தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஊட்டச்சத்து மாவு விளம்பரம், நிர்வகிக்க முன்வந்த முகமை எனப் பல அழைப்புகள் கழகத்தின் அஞ்சலுக்கு வந்தன. பெண்கள் கால்பந்து கவனம் பெறட்டும், கழகத்துக்கும் பணம் வரட்டும் என்று நிர்வாகிகளில் சிலர் விரும்பினர். அது நியாயமற்ற ஆசையும் அல்ல. 2021 செப்டம்பரில் 11 கழகங்களுடன் தொடங்கிய பெண்களுக்கான தொழில்முறை லீக்கே பார்வையாளர்களுக்காகத் தவித்துக்கொண்டிருந்த சூழலில், கிடைத்த கவனத்தை வீணாக்கலாமா என்று கேட்டார்கள்.

பயிற்றுநர் எல்லாவற்றையும் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: காட்டப்படுவது பந்தாக இருக்க வேண்டும். உள்ளூர் நாளிதழுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். படத்தில் அவர் முதுகும் பயிற்சி நடக்கும் மைதானமும் மட்டும் இருந்தன. மற்ற அழைப்புகளுக்கு நன்றி கூறி மறுத்தார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும்படி, அவர் குரல் விளக்கத்தோடு, முதல் தொடுதலைக் கற்றுத்தரும் சிறு காணொளிகளை வெளியிடலாம் என்றார்.

செப்டம்பர் இறுதியில் வெளியான முதல் காணொளி, அந்தப் பிரபலமான தொடுதலைப் பற்றியது. சிறுமிகள் பெரும்பாலும் செய்யும் பிழையை முதலில் காட்டினார்: பந்து இறங்குவதைக் கண்டதும் கணுக்கால் விறைத்துவிடும், விறைத்த காலில் பட்ட பந்து ஒரு மீட்டர் தள்ளிப் போய்விடும். காலை முன்கூட்டியே உயர்த்தி, கணுக்காலைத் தளர்த்தி, பந்து தொடும் கணத்தில் காலைக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். ஊன்றிய காலின் முழங்கால் மடங்காவிட்டால் இது கைவராது. இதை முதலில் கையால் தூக்கிப்போட்ட பந்தில், இடுப்புயரத்திலிருந்து, காலணி இல்லாமல் பழகச் சொன்னார். காயம்பட்ட அவருடைய வலது முழங்காலின் தழும்பு சட்டகத்தின் மேல்விளிம்பில் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

கருத்துப் பகுதியை மூடி வைத்தோம். கேள்விகள் அஞ்சலில் மட்டும் பெறப்பட்டன.

பின்விளைவு

இந்தக் காணொளிகளைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, பரவிய பிரதிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பகுதியே. பார்வை எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் எங்கள் முடிவு தோல்வி. நான் அவ்வாறு கருதவில்லை. ஏனெனில் அஞ்சலில் வந்த கேள்விகள் யாரிடமிருந்து வந்தன என்பது வேறொன்றைக் காட்டியது. பந்து விளையாடும் சிறுமிகளின் தாய்மார்கள், தனியாக ஓர் அணியை நடத்தப் போராடும் ஆசிரியர்கள், கால்பந்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆன முன்னாள் வீராங்கனைகள் எழுதினார்கள்.

அவற்றுள் ஒன்று பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவரின் அஞ்சல். ஜப்பானில் தொடக்கப்பள்ளிவரை ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து கால்பந்து ஆடும் சிறுமிகள், நடுநிலைப்பள்ளிக்குப் போனதும் பெண்களுக்கான அணி இல்லாததால் ஆட்டத்தையே விட்டுவிடுவது நாடெங்கும் உள்ள குறை. தம் பள்ளியில் அப்படி ஆட்டத்தை விட்ட மாணவியர் சிலர் இருப்பதாகவும், எங்கள் கழகம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்றும் அவர் கேட்டிருந்தார். பேச்சு குளிர்காலம் முழுவதும் நடந்தது. 2024 ஏப்ரலில் புதிய பள்ளி ஆண்டு தொடங்கியபோது, மூன்று பள்ளிகளின் மாணவியரைக் கொண்டு, 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு ஒன்று கழகத்தில் உருவானது. அஞ்சல் மூலம் அறிமுகமான முன்னாள் வீராங்கனைகளில் இருவர் வாரம் ஒருமுறை வந்து பயிற்சிக்கு உதவுகிறார்கள்.

இழப்புகளையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். பயிற்றுநர் பல மாதங்கள் தொலைபேசி மணி அடித்தாலே பதறினார். பணியிடத்தில் வெளியாரைச் சந்திக்கும் பொறுப்பிலிருந்து விலகி உள்ளறை வேலைக்கு மாறினார். இல்லத்தின் நிர்வாகம் ஆதரவாக நடந்துகொண்டது என்றாலும், அந்த மாற்றத்தை அவர் விரும்பிச் செய்யவில்லை. பழைய பெயரில் உள்ள படங்களும் அட்டைகளும் ஏலத் தளங்களில் இன்றும் விற்கப்படுகின்றன. அதைத் தடுக்க வழியில்லை.

2024 ஆகஸ்ட் 3 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் ஜப்பான் கூடுதல் நேரத்தில் 0–1 என அமெரிக்காவிடம் தோற்றது. அந்த வாரத்தில், எதிர்பார்த்தபடியே, வெட்டப்பட்ட காணொளி அதே பொய்யான வரியோடு மீண்டும் வலம்வந்தது. முந்தைய ஆண்டின் நான்கு வாக்கிய அறிவிப்பு தயாராக இருந்ததால், பதிவு கண்ணில் பட்ட அதே நாளில் அதன் கீழே இட்டோம். குற்றச்சாட்டு இம்முறை எழவே இல்லை.

நடைமுறையில் மாற்றப்பட்டவை

இசைவுப் படிவம் முழுவதுமாகத் திருத்தப்பட்டது. எந்தத் தளத்தில், எந்த வடிவில், எவ்வளவு காலம் என்பதைப் பெற்றோர் தனித்தனியே குறிக்கிறார்கள். பத்து வயதைக் கடந்த சிறுமியின் சொந்த இசைவும் கேட்கப்படுகிறது. பயிற்றுநர்களுக்கும் அதே படிவம் உண்டு. முன்பு பெரியவர்களிடம் இசைவு கேட்கும் வழக்கமே எங்களிடம் இல்லை. அவர்கள் கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே போதுமென்று எல்லாக் கழகங்களும் எண்ணுவதைப்போல நாங்களும் எண்ணியிருந்தோம்.

வெளியிடும் ஒவ்வொரு காணொளியையும், அதன் எந்தப் பகுதியை வெட்டிப் பெரிதாக்க முடியும் என்ற கண்ணோடு ஒருவர் பார்க்கிறார். சிறுமிகளின் முகம் தெரியும் எதுவும் போவதில்லை. பிழையான தகவல் பரவினால் 24 மணி நேரத்துக்குள் திருத்தம் வெளியிடும் பொறுப்பு ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்டுள்ளது. 2023இல் குழுவாக விவாதித்ததில் மூன்று நாட்கள் போயின, அந்த மூன்று நாட்களில்தான் வெளிநாட்டுப் புகழ்ச்சி உள்நாட்டுக் குற்றச்சாட்டாக உருமாறியது. பயிற்றுநரின் காணொளி வேலைக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருவதென்று 2024 ஏப்ரல் பொதுக்குழு முடிவுசெய்தது. தொகை பெரிதல்ல, ஆனால் அவருடைய நேரத்தையும் பெயரையும் கழகம் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளும் நிலை அதோடு முடிந்தது.

பழைய ரசிகர்களைப் பற்றிய முடிவு இன்னும் எட்டப்படவில்லை. அவர்களில் சிலர், பயிற்றுநர் ஆடிய ஆண்டுகளின் ஆட்ட விவரங்களைத் தொகுத்து ஒரு பக்கம் உருவாக்க விரும்புகிறார்கள். அந்த லீக்கின் பல ஆட்டங்களுக்கு அவர்கள் குறிப்பேடுகளைத் தவிர வேறு விரிவான சாட்சியம் இல்லை என்பதால், நான் அதை ஆதரிக்கிறேன். பயிற்றுநர் பழைய பெயர் மட்டும் இடம்பெறலாம், இன்றைய ஊரும் கழகமும் எங்கும் வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். தொகுப்பவர்கள் அதற்கு இசைந்து, முதல் இரண்டு பருவங்களின் பட்டியலை அவர் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதில் இரண்டு கோல்களை நீக்கும்படி திருத்தி அனுப்பினார். அவை அவர் அடித்தவை அல்ல, சக வீராங்கனை அடித்தவை.